மலை இறங்கும் முன் ஒரு டீ

வெயில் ஊர்க்காரர்களுக்கு ஸ்வெட்டர் வாங்கத் தெரியாது. அனல் அடிக்கிற மதியத்தில் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே ஒரு கம்பளி ஸ்வெட்டரை இப்படியும் அப்படியும் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்துக் கடைக்காரரே சிரித்துவிட்டார். அளவு என்ன என்று கேட்டார். என் வீட்டுக்காரருடைய பழைய அளவைச் சொன்னேன். வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டுப் பார்த்தால், கொடியில் காயப்போட்ட மாதிரி தொங்கியது. ஆள் பாதியாகிவிட்டார் என்பது தினமும் பார்க்கிற என் கண்ணுக்கு உறைக்கவே இல்லை.

நீங்கள் கேட்டது கார் எப்படிக் கவிழ்ந்தது என்று. இவள் ஸ்வெட்டர் கதை சொல்கிறாளே என்று பார்க்கிறீர்கள். ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம், இன்ஸ்பெக்டர் மேடம். ஒரு வரியில் சொன்னால் என்னைப் பற்றித் தப்பாக நினைப்பீர்கள். நான் அவரை எப்படிப் பார்த்துக்கொண்டேன் என்று தெரிந்தால்தான் மற்றதெல்லாம் விளங்கும். எழுதுகிற தம்பி நிதானமாக எழுதட்டும். நான் எப்போதுமே அவசரமாகப் பேசுகிறவள் இல்லை.

அவர் சுற்றுலா பஸ் ஓட்டுநர். அதிலும் மலைப் பாதைக்கென்றே அவரைத் தேடிக் கூப்பிடுவார்கள். கொண்டை ஊசி வளைவில் மற்றவர்கள் முன்னும் பின்னும் எடுத்துத் தடுமாறுகிற இடத்தில் இவர் ஒரே வெட்டில் திருப்பிவிடுவாராம். பெண் பார்க்க வந்தபோது அதைத்தான் பெருமையாகச் சொன்னார்கள். கட்டிக்கொண்ட பிறகுதான் தெரிந்தது, அந்தத் திறமையால் எனக்குக் காலணாப் பிரயோசனம் கிடையாது என்று. விருந்தாளி மாதிரி வருவார். பையை வைப்பார், குளிப்பார், அடித்துப் போட்ட மாதிரி தூங்குவார். எழுந்து சாப்பிட்டுவிட்டு, "போயிட்டு வரேம்மா" என்பார். எங்களுக்குக் குழந்தை இல்லை. அதற்காக அவர் என்னை ஒரு வார்த்தை சொன்னதும் இல்லை, நல்ல மனிதர். அந்த நல்ல மனிதர் வருஷத்தில் பாதிக்கு மேல் யார் யாரோ குடும்பங்களை எங்கெங்கோ அழைத்துக்கொண்டு போய்க் காட்டினார்.

நான் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். டாக்டர் சீட்டைப் பார்த்து எடுத்துக் கொடுக்கிற வேலை. வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் பூட்டைத் திறக்கிற சத்தம்தான் எனக்கு வரவேற்பு. ஒரு ஆளுக்குச் சமைப்பதைச் சமையல் என்று சொல்லக்கூடாது. அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்தால் தீர்ந்தது. வீட்டில் மனிதக் குரல் கேட்கட்டும் என்று டிவியை ஓடவிட்டு, அதற்கு முதுகைக் காட்டிப் படுத்திருப்பேன்.

ஒருமுறை மலைப் பாதையில் சுற்றுலா பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்ததாகச் செய்தியில் காட்டினார்கள். அவருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. அன்று முழுவதும் கடையில் நின்றபடி, கையில் இருப்பது இருமல் மருந்தா வயிற்றுவலி மருந்தா என்றுகூடத் தெரியாமல் எடுத்துக் கொடுத்தேன். சாயங்காலம் அவரே கூப்பிட்டார். "அது வேற கம்பெனி வண்டிம்மா, எங்க வண்டி இல்ல" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. நான் அன்று உயிரோடு செத்துப் பிழைத்தேன். அவருக்கு அது வேறு கம்பெனி வண்டி.

பிறகு ஒரு மழைக்காலத்தில் அவருக்குக் கடுமையான காய்ச்சல் வந்தது. பல வாரம் எழுந்திருக்க முடியவில்லை. நான் கடைக்கு லீவு போட்டேன். தோளைப் பிடித்துக்கொண்டுதான் குளியலறைக்கு வருவார். ஊட்டிவிட்டால்தான் சாப்பாடு இறங்கும். வெளியே மழை கொட்டும்; நாங்கள் இரண்டு பேரும் ஜன்னலோரம் கட்டிலில் உட்கார்ந்து தெருவில் நனைந்துகொண்டு போகிறவர்களை வேடிக்கை பார்ப்போம். பக்கத்து வீட்டுக்காரர் பெயரே அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. "இவ்வளவு நாளா இந்த வீட்ல என்னதான் பண்ணிட்டு இருந்தேன்" என்று கேட்டார். நான் சிரித்தேன். என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் அப்படிச் சிரித்ததாக ஞாபகம் இல்லை.

மழை விட்டது. அவருக்கு உடம்பு தேறிவிட்டது. ஒரு காலையில் பார்த்தால் வாசல்படியில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருக்கிறார், விசில் அடித்துக்கொண்டு. இத்தனை நாள் தாங்கிப் பிடித்த கைகளை உதறிவிட்டுப் போகிறோமே என்று ஒரு சின்ன வருத்தமாவது முகத்தில் தெரிகிறதா என்று பார்த்தேன். பள்ளிக்கூடம் விட்ட பையன் மாதிரி இருந்தார். டீ போட்டுக் கொடுத்தேன். குடித்தார். சற்று நேரத்தில் தலை சுற்றுகிறது என்றார், படுத்தார், மறுநாள்தான் எழுந்தார். அன்று அவர் வேலைக்குப் போகவில்லை.

அதன் பிறகு போகவே இல்லை. சில நாள் பரவாயில்லாமல் இருக்கும், மறுபடி தள்ளாடுவார். நாக்கு குழறும். பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகும். எத்தனையோ டாக்டரைப் பார்த்தோம். ஒருவர் நரம்புத் தளர்ச்சி என்றார், ஒருவர் காய்ச்சலின் மிச்சம் என்றார், ஒருவர் மனசு சம்பந்தப்பட்டது என்று சொல்லி என்னைத் தனியாக அழைத்து, "உங்களுக்குள்ள ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டார். நான் ஒவ்வொரு இடத்துக்கும் கைத்தாங்கலாக அழைத்துப் போனேன். காத்திருக்கிற இடத்தில் மற்றப் பெண்கள் என்னைப் பார்த்து, கொடுத்து வைத்த புருஷன் என்பார்கள்.

ஒரு நாள் என் மடியில் தலையை வைத்து அழுதார். "நான் யாருக்கு என்ன பாவம் செஞ்சேன், எனக்கு ஏன் இப்படி ஆச்சு" என்றார். தலையைக் கோதிக் கொடுத்தேன். "நான் இருக்கேன்ல" என்றேன். ஒரு மனைவி அதற்கு மேல் என்ன சொல்ல முடியும்.

இந்த வருஷக் கோடையில் அவர் ரொம்பவே துவண்டுபோனார். அவருடைய தம்பி, என் கொழுந்தன், பார்க்க வந்தவர் கண் கலங்கிவிட்டார். கொழுந்தன் பழைய கார் ஒன்று வாங்கியிருந்தார். ஓட்டக் கற்றுக்கொண்டு அதிக நாள் ஆகவில்லை. ஆனால் பேச்சில் எல்லா ஊர்ச் சாலையும் அவர் காலடியில்தான். மலையில் டீத்தோட்டத்து அலுவலகத்தில் தன் நண்பன் ஒருவன் வேலை பார்ப்பதாகவும், தோட்டத்து விடுதியில் தங்கிக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

"குளிர்ந்த காத்து பட்டாலே அண்ணனுக்குப் பாதி சரியாயிடும் அண்ணி. நீங்களும்தான் பாவம், எவ்வளவு நாள் இப்படியே ஒத்தையா கஷ்டப்படுவீங்க?"

நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். வழியில் முடியாமல் போனால் என்ன செய்வது என்று கேட்டேன். கொழுந்தன் மனைவி, அதாவது என் ஓரகத்தி, "நாங்க ரெண்டு பேரும் எதுக்கு இருக்கோம்க்கா" என்றாள். அவள் வெள்ளந்தி. வாய் ஓயாமல் பேசுவாள், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளத் தெரியாது. என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டே, "போலாம்" என்றார். அவர் அப்படி ஒன்றைக் கேட்டு வெகு நாளாகியிருந்தது. அப்புறம்தான் ஸ்வெட்டர் வாங்கப் போனேன்.

போகிற வழி முழுவதும் அவர் தூங்கிக்கொண்டு வந்தார். வெயில் காய்ந்த சமவெளி, பிறகு மூங்கில் காடு, பிறகு வளைவுகள் ஒன்றன் மேல் ஒன்றாக. கண்ணாடியை இறக்கினால் ஈரமண் வாசனை. மேலே போகப் போகக் காது அடைத்தது. கடைசியில், மலையைச் சீப்பால் வாரிவிட்ட மாதிரி வரிசை வரிசையாகத் தேயிலை. ஓரகத்தி கைதட்டினாள். கொழுந்தன் ஒவ்வொரு திருப்பத்திலும் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "பாத்தீங்களா அண்ணி, எப்படி எடுக்கறேன்னு" என்றார். எனக்கு அழகு கண்ணில் படவில்லை. பையில் வைத்திருந்த பொட்டலம் பத்திரமாக இருக்கிறதா என்று தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

விடுதி மரத்தரை போட்ட பழைய வீடு. நடந்தால் முனகும். அங்கே ஒரு சமையல்காரர் இருந்தார், வயதானவர், ரோஷக்காரர். சமையலறைக்குள் யாரையும் விடமாட்டார். என் வீட்டுக்காரருக்கு நான் என் கையால்தான் டீ போட்டுக் கொடுப்பேன், அதுதான் ஒத்துக்கொள்ளும் என்று சொல்லிப் பார்த்தேன். மனிதர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"டீத்தோட்டத்துக்குள்ள வந்து, நான் டீ போடறேன்னு கேக்கறீங்களேம்மா. இது எனக்கு அவமானம் இல்லையா?"

கொழுந்தனும் ஓரகத்தியும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார். அன்று முதல் நாலு பேருக்கும் ஒரே கூஜாவில் டீ வந்தது. பால் இல்லை, இஞ்சி இல்லை. கோப்பையின் அடி தெரிகிற மாதிரி தெளிவான டீ. அதில் ஒரு சொட்டு வேறு எதைச் சேர்த்தாலும் நாக்குக்குத் தெரிந்துவிடும், கண்ணுக்கும் தெரிந்துவிடும்.

எழுதுகிற தம்பி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஆமாம் மேடம். மாத்திரையைத்தான் சொல்கிறேன். தூக்கம் வராதவர்களுக்குக் கொடுப்பது. அதை நான் எங்கள் கடையிலிருந்துதான் எடுத்தேன். வீட்டில் பால் ஊற்றி, இஞ்சி தட்டி, சர்க்கரை தூக்கலாகப் போட்டுத் திக்காகப் போடுவேன், கசப்பு தெரியாது. அவர் ஷூவுக்குப் பாலிஷ் போட்ட அன்று முதல் தடவை. ஒரு நாள் மட்டும் தள்ளிப்போகட்டும் என்றுதான் நினைத்தேன். மறுநாளும் ஒரு நாள் மட்டும் என்றுதான் நினைத்தேன். ஒரு நாளும் அதற்கு மேல் ஆசைப்பட்டதில்லை. அவர் மலைப் பாதையில் விழுந்து செத்துப்போய்விடக் கூடாது என்பதுதான் அதன் அடிப்படை. இதை மட்டும் அப்படியே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

விடுதியில் அவர் நாளுக்கு நாள் தெளிந்துகொண்டே வந்தார். முதலில் தூங்க முடியாமல் நடுங்கினார், எரிந்து விழுந்தார். மலைக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லித் திரும்பிவிடலாம் என்றேன். கொழுந்தன் இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்றார். அந்த நடுக்கம் அடங்கியதும் ஒரு காலையில் தானாக எழுந்து, என் தோளைத் தேடாமல், தாழ்வாரத்தில் போய் நின்றார். கண்ணில் வெளிச்சம் வந்துவிட்டது. முட்டை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இன்னொன்று கேட்டார். சமையல்காரர் என்னைப் பார்த்து, எப்படி என் கைப்பக்குவம் என்கிற மாதிரி தலையை ஆட்டினார். அந்த மனிதரை நான் அப்போது வெறுத்த மாதிரி யாரையும் வெறுத்ததில்லை.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். சுற்றிலும் எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள், நான் மட்டும் சிரிக்க முடியாமல் நிற்கிறேன். கட்டிய புருஷன் குணமாகிறார் என்று அழ முடியுமா? குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். காய்ச்சல் என்று சொல்லிப் படுத்தும் பார்த்தேன், ஊருக்குத் திரும்பிவிடுவார்கள் என்று. அவர் என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். நெற்றியில் ஈரத்துணி போட்டார். கூஜாவிலிருந்து டீயை ஊற்றி ஆற்றி, தலையைத் தூக்கிப் பிடித்துக் குடிக்கக் கொடுத்தார்.

"எனக்காக எவ்வளவு பண்ணியிருக்க. இனி நான் பாத்துக்கறேன், நீ படு" என்றார்.

அது நல்ல நாள்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் சாயங்காலம் கொழுந்தன் வந்து கூப்பிட்டதும் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் கட்டிலில் தனியாகக் கிடந்தேன். மரத்தரையில் அவருடைய காலடி முனகிக்கொண்டே போவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். தள்ளாட்டமே இல்லாத காலடி.

மறுநாள் டீத் தொழிற்சாலையைப் பார்க்கப் போனோம். முற்றத்தில் பச்சை இலை ஏற்றிவந்த லாரி ஒன்று நின்றது. அதன் ஓட்டுநரோடு இவர் பேச்சுக் கொடுத்தார். இரண்டு பேரும் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார்கள், டயரை உதைத்துப் பார்த்தார்கள், ஏதோ சிரித்தார்கள். திடீரென்று பார்த்தால் இவர் ஏறி உட்கார்ந்திருக்கிறார். முற்றத்தைச் சுற்றி ஒரு வட்டம் ஓட்டினார். அந்த நெருக்கடியான இடத்தில் பின்னால் எடுத்து, சுவருக்கு ஒரு சாண் விட்டு, ஒரே வெட்டில் நிறுத்தினார். கொழுந்தன் விசில் அடித்தார். ஓரகத்தி, "மாமா சூப்பர்" என்றாள். அவர் இறங்கிவந்த முகத்தை நான் பார்த்தேன். எங்கள் கல்யாணத்தன்றுகூட அந்த முகம் இல்லை.

அங்கேயே நின்று பஸ் முதலாளிக்குப் போன் போட்டார்.

"அண்ணே, நான்தான். ஆமாண்ணே, நல்லாயிட்டேன். வர்ற திங்கக்கிழமை வந்துடறேன். எந்த லைனா இருந்தாலும் சரி, எவ்வளவு நாளா இருந்தாலும் சரி."

எவ்வளவு நாளாக இருந்தாலும் சரி என்றார், மேடம். என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னார்.

கிளம்புகிற அன்று காலை சமையல்காரரிடம் போய்க் கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்டேன். வழிக்கு ஒரு பிளாஸ்க் டீ, என் கையால், எங்கள் வீட்டுப் பழக்கப்படி. கிளம்புகிறவர்களிடம் என்ன ரோஷம் என்று நினைத்தாரோ என்னவோ, அடுப்பை விட்டு நகர்ந்து நின்றார். பால் ஊற்றினேன், இஞ்சி தட்டினேன்.

திட்டம் சாதாரணமானதுதான். அவர் முன் சீட்டில் தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வருவார். வழியில் எங்காவது நிறுத்தும்போது டீ கொடுப்பேன். வீடு வரை தூங்குவார். எழும்போது பழையபடி தலை சுற்றும், சமவெளி வெயில் பட்டதும் மறுபடி வந்துவிட்டது பார் என்று எல்லோரும் சொல்வார்கள். இடையில் பல நாள் விட்டுப்போனதால் மாத்திரையை வழக்கத்தைவிடக் கூடுதலாகவே எடுத்து வைத்தேன்.

இறக்கத்தில் கொழுந்தன் பிரேக்கில் வைத்த காலை எடுக்கவே இல்லை. சமவெளியில் ஓட்டிப் பழகியவருக்கு அது தெரியாது. ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியரில் இறங்க வேண்டும், இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். இது என் வீட்டுக்காரர் கல்யாணமான புதிதில் எனக்கே சொல்லிக்கொடுத்த பாடம். கருகிய வாடை வந்தது. இவர் மூக்கை உறிஞ்சினார்.

"ஓரமா நிறுத்துடா. பிரேக் தீயுது. கொஞ்ச நேரம் ஆறட்டும்."

ஒரு வளைவில் அகலமான இடமாகப் பார்த்து நிறுத்தினோம். கீழே மேடும் பள்ளமுமாகத் தேயிலை, நடுநடுவே நிழல்மரங்கள். பனி மூட்டம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சகோதரர்கள் இருவரும் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார்கள். ஓரகத்தி படம் எடுத்துக்கொண்டிருந்தாள். இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது என்று நினைத்தேன். மற்ற மூன்று பேருக்கும் ஊற்றினேன். அவருக்கு மட்டும், அவர் பஸ்ஸில் வைத்துக் குடிக்கிற மூடி போட்ட தம்ளரில்.

"ஆஹா, நம்ம வீட்டு டீ" என்று ஒரே மூச்சில் குடித்தார். தம்ளரை என்னிடம் நீட்டிவிட்டு, காரைச் சுற்றிக்கொண்டு போய், ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தார்.

"நீ இந்தப் பக்கம் வா. இந்த இறக்கத்துல உன்கிட்ட வண்டியை விட்டா பிரேக்கே இருக்காது. நான் இறக்கித் தரேன்."

அதுதான் நடந்த தவறு, மேடம். ஒரு மலைப் பாதை ஓட்டுநர், உடம்பு நன்றாக இருக்கும்போது, தீய்ந்த பிரேக்கோடு இன்னொருவர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்து வரமாட்டார் என்பது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். பல மாதமாக அவரைப் படுத்தே பார்த்துவிட்டேன். அவர் ஓட்டுநர் என்பதையே மறந்துபோயிருந்தேன்.

"வேணாங்க, இப்பத்தான் உடம்பு தேறியிருக்கு" என்றேன். கொழுந்தன், "அண்ணி, லாரியையே ஓட்டிட்டாரு, இது பொம்மை வண்டி" என்றார். சாவியைச் சந்தோஷமாகத் தூக்கிக் கொடுத்தார். இன்னொரு தடவை சொன்னேன். இவர் என் கன்னத்தைத் தட்டினார். அவரை நிறுத்தக்கூடிய வாக்கியம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைச் சொன்னால் அன்றோடு நான் அவருக்கு யாருமில்லை. தொண்டை வரை வந்தது. விழுங்கிவிட்டேன். மாத்திரை வேலை செய்ய நேரம் பிடிக்கும், அதற்குள் இறங்கிவிடுவார் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நான் அவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்தேன். என் ஓரகத்தி உங்களிடம் சொன்னது சரிதான். பெல்ட் போட்டுக்கொண்டேன். அவள் அதைப் பார்த்து, "என்னக்கா, மாமா ஓட்டறதுக்கா பயப்படறீங்க?" என்று கேலி செய்தாள். நீயும் போட்டுக்கொள் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பாள்.

அருமையாக ஓட்டினார். சாலையில் அவர் ஓட்டி நான் முன்பு பார்த்ததே இல்லை, பஸ்ஸில் என்னை ஒரு தடவைகூட ஏற்றிக்கொண்டு போனதில்லை. வண்டி தொட்டில் மாதிரி இறங்கியது. தம்பிக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே வந்தார். பிறகு பேச்சில் இடைவெளி விழுந்தது. கொட்டாவி விட்டார். கொழுந்தன் மூட்டத்தைப் படம் எடுக்கக் கண்ணாடிப் பக்கம் திரும்பியிருந்தார். பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நான்தான் முதலில் கவனித்தேன். தலை ஒரு முறை சாய்ந்து நிமிர்ந்தது. மறுபடி சாய்ந்தது, நிமிரவில்லை.

கை நீட்டினால் தோள். ஒரு தட்டுத் தட்டியிருந்தால் விழித்திருப்பார். பயத்தில் உறைந்துபோய்விட்டேன் என்று நேற்று உங்களிடம் சொன்னேன். அது பொய். எனக்கு அப்போது வந்தது நிம்மதி. இனிமேல் இந்த மனிதரை யாரும், எந்தக் காலத்திலும், வண்டி ஓட்டக் கூப்பிடமாட்டார்கள் என்கிற நிம்மதி. கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

கார் வளைவில் திரும்பாமல் நேராகத் தேயிலைக்குள் இறங்கி உருண்டது. கொழுந்தன் இருந்த பக்கம் ஒரு நிழல்மரத்தில் போய் மோதி நின்றது. அவர் உடனே போய்விட்டார் என்று டாக்டர் சொன்னார், கஷ்டப்படவில்லையாம். ஓரகத்திக்கு இடுப்பெலும்பு முறிவு. அவள் முதலில் கேட்டது, "மாமாவுக்கு ஒண்ணும் இல்லையேக்கா" என்று. நான் சொன்னேனே, வெள்ளந்தி என்று. இப்போது அவள் பிறந்த வீட்டார் வந்திருக்கிறார்கள். எங்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இனி பார்க்கவும் மாட்டார்கள்.

அவருக்கு முதுகில் அடி. நடப்பதற்கு வெகு காலமாகும், நடப்பதே சந்தேகம் என்கிறார்கள். தம்பியைக் கொன்றது நான்தான், தூங்கிவிட்டேன், என்னைத் தூக்கில் போடுங்கள் என்று அவர் உங்களுக்கு எழுதிக் கொடுத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். ரத்தப் பரிசோதனையைக் காட்டி, மாத்திரை போட்டுக்கொண்டு வண்டி ஓட்டினாயா என்று நீங்கள் கேட்டதற்கும் தலையை ஆட்டினாராமே. அவருக்கு அதெல்லாம் ஒன்றும் தெரியாது. அவரை ஜெயிலுக்கு அனுப்பிவிடுவீர்களோ என்றுதான் நானே வந்தேன். ஜெயில் என்றால் மறுபடி வருஷக்கணக்கில் அவர் வேறு எங்கோ, நான் வேறு எங்கோ. அதற்கா இவ்வளவு பாடுபட்டேன்?

நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். "உனக்கு நல்லது எதுவுமே நான் செய்யல, கடைசியில் குடும்பத்தையே அழிச்சுட்டேன்" என்றார். மன்னித்துவிட்டேன் என்று சொன்னேன். மனப்பூர்வமாகத்தான் சொன்னேன்.

இன்று நான் சொன்னதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள், எங்கே சொல்கிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன். அவரிடம் மட்டும் சொல்லாதீர்கள், தாங்கமாட்டார். சீக்கிரம் என்னை விட்டுவிட்டால் நல்லது. நர்ஸ் கொடுத்தால் சாப்பிடமாட்டார், அவரைத் திருப்பிப் படுக்கவைக்கவும் அவர்களுக்குத் தெரியவில்லை. தம்பியும் போய்விட்டார், தம்பி மனைவி முகத்திலும் விழிக்க முடியாது, பஸ் முதலாளியும் வரமாட்டார். நீங்களே யோசித்துப் பாருங்கள், மேடம். இனி என்னை விட்டால் அவருக்கு யார் இருக்கிறார்கள்?